டி-யில் வைத்தால் பத்திரம்

குற்றாலலிங்கத்துக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அதற்குப் பெரிய கதையெல்லாம் கிடையாது. முதலில் தங்கைக்கு முடியட்டும் என்றார்கள். பிறகு வேலை நிரந்தரமாகட்டும் என்றார்கள். அப்புறம் ஒருநாள் யாரும் எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இப்போது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. தென்காசிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில், கேரளத் தலைநகரின் சாலைக் கடைத்தெருவில் சித்தப்பாவின் பருப்பு மண்டியில் நிற்க வந்தவர். சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து மண்டியிலிருந்து தப்பித்து, ஆரியசாலையில் ஒரு கயிற்றுக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் தங்கிவிட்டார். பகலெல்லாம் மூட்டை இறக்குகிற சத்தமாக இருக்கும் அந்தச் சந்தில், கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டால் பேச்சுக்குரல் அற்றுப்போகும். ஒரு டிவி வாங்கி வைக்கலாமே என்று சொன்னவர்களிடம் கண்ணுக்கு ஆகாது என்றார். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்க்கிற கண்ணுக்கு டிவி மட்டும் ஆகாதாம். டிவி பேசும், ஆனால் நம்மிடம் பேசாது என்பதுதான் அவருடைய வருத்தம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் வேலை பார்ப்பது ஒரு கூட்டுறவு மருந்துச் சங்கத்தில். பெயர் வேண்டாம். தலைமை அலுவலகம் புளிமூட்டில் இருக்கிறது. நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலுமாக நாற்பத்தொரு மருந்துக் கடைகள், எல்லாமாகச் சேர்த்து நூற்று அறுபத்து மூன்று கம்ப்யூட்டர்கள். இருபது வருடமாக அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு நோவு வந்தால் ஓடுகிற ஆள் குற்றாலலிங்கம்தான். கடைகளில் அவரை லிங்கம் சார் என்பார்கள், மலையாளத்துப் பிள்ளைகள் லிங்கேட்டன் என்பார்கள். கம்ப்யூட்டர் தவழ ஆரம்பித்துவிட்டது, பில் போட்டால் அரைமணி நேரம் யோசிக்கிறது என்று ஃபோன் வரும். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். பழைய விண்டோஸை வழித்துத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவார். பிறகு பில் போடுகிற மென்பொருள், பிரின்டர், பார்கோடு வாசிக்கிற கருவி, மலையாள எழுத்து என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். எப்படியும் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

அந்த மூன்று மணி நேரத்தில் அவர் கையால் செய்வது கால் மணி நேரம்கூட இருக்காது. மீதி நேரம் திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஆனால் அந்தக் கோடு நிரம்புகிற வரைக்கும் அவர் அந்தக் கடையின் மனுஷர். சாயா வரும், பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி வரும். பேட்டையில் ஒருத்தி மாமியாரைப் பற்றிச் சொல்வாள், கரமனையில் ஒருவர் மூட்டுவலியைப் பற்றிச் சொல்வார். யார் வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பது நாற்பத்தொரு கடைக்கும் சேர்த்து அவருக்குத் தெரியும். கோடு நிரம்பியதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வேலை முடிந்த பிறகு ஒரு நிமிடம் கூட உட்கார்ந்தது கிடையாது. உட்காரத் தெரியாது என்றே சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது எல்லாக் கடையிலும் ஒரே வாசகத்தைச் சொல்வார். "சி போகும், டி நிக்கும். வேணுங்கிறத டி-ல போட்டு வையுங்க, பத்திரமா இருக்கும்." கம்ப்யூட்டரின் வட்டை இரண்டாகப் பிரித்து, விண்டோஸை சி என்ற பாதியிலும் மற்றதை டி என்ற பாதியிலும் வைப்பது அவர் வழக்கம். எத்தனை தடவை சி-யைத் துடைத்தாலும் டி-யில் கை வைக்க மாட்டார். கடைக்காரர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். விடுப்புக் கடிதம், பிள்ளையின் மார்க் ஷீட், கல்யாண ஃபோட்டோ என்று எல்லாம் டி-க்குள் போனது. லிங்கம் சார் இருக்கிற வரை டி-க்கு ஒன்றும் வராது என்று இருந்தார்கள்.

நாற்பத்தொரு கடை என்றாலும் அவர் மனசுக்குள் ஒரு கடை தனியாக இருந்தது. கடலோரத்து விழிஞ்ஞம் கடை. மற்ற இடங்களில் ஒன்றரை வருடம் தாங்குகிற விண்டோஸ் விழிஞ்ஞத்தில் எட்டு மாதத்தில் படுத்துக்கொள்ளும். வேலை அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் உப்புக்காற்று என்று அவர் எழுதுவார். உப்புக்காற்று கம்பியைத் தின்னும், தகரத்தைத் தின்னும், விண்டோஸை எப்படித் தின்னும் என்று புளிமூட்டில் யாரும் கேட்கவில்லை.

அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவள் பகவதியம்மாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி, பாலராமபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள், நாற்பத்தெட்டு வயது. புருஷன் புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இரண்டு பெண்களும் படித்து வெளியூரில் இருக்கிறார்கள். குற்றாலலிங்கத்துக்கு அவள்மேல் காதல் கீதல் என்று யாரும் கற்பனையை ஓட்ட வேண்டாம், அப்படியெல்லாம் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குத் தான் ஒரு ஆள் என்று தோன்றும். அவ்வளவுதான். ஆனால் அவரிடம் இருந்ததும் அவ்வளவுதான்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், கோடு நிரம்பிக்கொண்டிருந்தபோது, பகவதியம்மாள் அவரிடம் ஒரு யோசனை சொன்னாள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும். மருந்தின் பெயர் யாருக்கும் தெரியாது. சீட்டைக் கொண்டு வரவும் மாட்டார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்பார்கள். அதை ஒரு பட்டியலாக எழுதி வைத்தால் என்ன? குற்றாலலிங்கம் தன் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் சொல்லச் சொல்ல அவர் தமிழில் அடித்தார். மரியதாசன்: வள்ளம் இறக்கும் முன்னால் போடுகிற சின்ன வெள்ளை என்பார், அது ரத்த அழுத்த மாத்திரை. பள்ளிவாசல் பக்கத்து உம்மா: நீலப் பெட்டி கேட்பார், கம்பெனி பெட்டியை மாற்றிவிட்டது, பழைய நீலப் பெட்டியைக் காட்டிச் சமாதானப்படுத்தினால்தான் வாங்குவார். அந்தோணியம்மை: எலும்பு மாத்திரை என்றால் சுண்ணாம்புச் சத்து, சின்ன எலும்பு என்றால் வலி மாத்திரை. கோடு நிரம்பியதும் பட்டியலை அவள் கம்ப்யூட்டரின் டி-யில் ஏற்றிவிட்டு, லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிடுவார். நோயாளிகள் விஷயம் கடையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது சங்கத்தின் சட்டம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் அவள் நாலைந்து பேரையாவது சொல்வாள். இறந்தவர்களை எடுக்கச் சொல்வாள். அவர் எடுப்பார், எடுப்பதற்கு முன்னால் அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார். இப்படியே பட்டியல் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வரை வளர்ந்தது. அந்தக் கடையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். குற்றாலலிங்கம் தன் வாழ்க்கையில் பிரயோஜனமாகச் செய்த காரியம் எது என்று யாராவது கேட்டிருந்தால், யாரும் கேட்கவில்லை, அந்தப் பட்டியலைத்தான் சொல்லியிருப்பார்.

போன வருடம் பழைய விண்டோஸுக்கு ஆயுசு முடிகிறது என்று செய்தி வந்தது. நூற்று அறுபத்து மூன்றையும் புதியதற்கு மாற்றியாக வேண்டும். குற்றாலலிங்கம் கணக்குப் போட்டார். ஒன்றுக்கு மூன்று மணி நேரம், ஒரு நாளைக்கு இரண்டு என்றால் கிட்டத்தட்ட நாலு மாதம். நாலு மாதம் தினமும் ஒரு கடை, தினமும் சாயா, தினமும் பேச்சு. யாருக்கும் தெரியாமல் அவர் உள்ளூரச் சந்தோஷப்பட்டார்.

சங்கம் வேறு விதமாக யோசித்தது. ஜெஸ்லின் என்று ஒரு பெண்ணைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேலாளராகப் போட்டார்கள். பாறசாலைக்காரி, முப்பத்து மூன்று வயது, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். கெட்டிக்காரி. அதைவிட, நல்லவள். முதல் நாளே அவர் மேஜைக்கு வந்து உட்கார்ந்து சொன்னாள். "சேட்டா, இனி நீங்க பஸ்ஸுல அலைய வேண்டாம் கேட்டோ. எல்லாம் இங்க இருந்தே பண்ணலாம். ஒரு கம்ப்யூட்டர நீங்க நல்லா ரெடி பண்ணித் தாங்க, அத அப்படியே அச்சு எடுப்போம்."

விஷயம் இதுதான். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் பழுதில்லாமல் ஏற்றி, அதை அச்சாக எடுத்து சர்வரில் வைத்துவிட வேண்டும். குறித்த நேரத்தில் சர்வர் ஒவ்வொரு கடையிலும் தூங்குகிற கம்ப்யூட்டரை எழுப்பும். பழசைத் துடைக்கும், அச்சைப் பதிக்கும், அந்தந்தக் கடையின் பெயரைச் சூட்டும், பிரின்டரைச் சேர்க்கும், தானே சோதித்துப் பார்த்து ஆயிற்று என்று பச்சை காட்டும். நாற்பது நிமிடம் போதும். ஒரே நேரத்தில் ஐம்பது அறுபது கம்ப்யூட்டருக்குச் செய்யலாம். பக்கத்தில் ஆள் வேண்டாம்.

பொய் சொல்லக்கூடாது, அந்த அச்சைத் தயார் செய்த மாதங்களில் குற்றாலலிங்கம் வயதை மறந்து உழைத்தார். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதில் இருக்கிற கிறுக்கு அவருக்கு எப்போதும் உண்டு. முதல் சோதனையில் பார்கோடு கருவி வேலை செய்யவில்லை. இரண்டாவதில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பெயர் விழுந்தது, ஜெஸ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்தாவது சோதனையில் நூல் பிடித்த மாதிரி ஓடியது. எந்த அடியில் என்ன செய்ய வேண்டும் என்று சர்வருக்குக் கட்டளை எழுதியது முழுக்க அவர்தான். முதல் அடி: வட்டு முழுவதையும் துடைத்து ஒன்றாக்கு. புதிய விண்டோஸுக்கு இடம் அதிகம் வேண்டியிருந்தது, சி என்றும் டி என்றும் பிரித்து வைத்தால் போதாது. ஊழியர்களின் கோப்புகளை இனி சர்வரில் வைத்துக்கொள்ளட்டும் என்பது ஜெஸ்லினின் ஏற்பாடு. இருபது வருடம் காத்த டி-யை ஒரே வரியில் ஒழித்துவிட்டு அவர் சாயா குடிக்கப் போனார்.

ஆகவே, துடைப்பதற்கு முன்னால் எல்லாக் கடைகளுக்கும் சொல்ல வேண்டும். டி இனிமேல் நிற்காது, வேண்டியதை சர்வருக்கு மாற்றுங்கள் என்று. ஜெஸ்லின் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு கடைக்கும் எதிரே, தெரிவித்தாயிற்று என்று ஒரு டிக் அடிக்க வேண்டும். குற்றாலலிங்கம் ஃபோனை எடுத்தார்.

ஒரு கடைக்கு இரண்டு நிமிடம் ஆனது. "ஓகே சேட்டா, மாத்திரலாம்," என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பேட்டைக்காரி மாமியாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கவுண்டரில் கூட்டம். மூட்டுவலிக்காரர் ஓய்வு பெற்றுப் போய் மூன்று மாதமாகிறது என்று வேறு யாரோ சொன்னார்கள். முன்பெல்லாம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்ட மனிதர்கள் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனார்கள். ஒன்றரை நாளில் நாற்பது கடைக்கும் சொல்லியாயிற்று.

விழிஞ்ஞத்துக்கு மட்டும் அவர் ஃபோன் செய்யவில்லை. ஃபோன் செய்தால் அதுவும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நேரில் போய்ச் சொல்லலாம், பட்டியலை நாமே எடுத்து சர்வரில் வைத்துக் கொடுக்கலாம், அந்தச் சாக்கில் ஒரு பகல் உட்காரலாம் என்று நினைத்தார். துடைக்கிற வேலையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்திருந்தார்கள், விழிஞ்ஞம் மூன்றாவதுக்குப் போட்டிருந்தது. அதற்கு முந்திய வியாழக்கிழமை போவது என்று வைத்துக்கொண்டார். வேலை என்ற பெயரில் அங்கே போக அவருக்கு மிச்சமிருந்த கடைசி நாள் அது. ஒரு டிக் மட்டும் காலியாக இருக்கிறதே என்று ஜெஸ்லின் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்க வேண்டாமே என்று அதையும் அடித்து வைத்தார். சொல்லத்தானே போகிறோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஐம்பது கம்ப்யூட்டர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஐம்பதும் பச்சை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அறுபதை ஆரம்பித்தார்கள், பதினொன்றேகாலுக்கு முடிந்துவிட்டது. ஜெஸ்லின் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புளிமூட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயாக்கடை கிடையாது. குற்றாலலிங்கம் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஸ்டேச்சு சந்திப்பு வரை நடந்து போய், இருபத்தைந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"சேட்டா, பாக்கியையும் இப்பவே ஓட விட்டுட்டேன் கேட்டோ," என்றாள் ஜெஸ்லின். "எல்லாத்துக்கும் டிக் இருந்ததல்லே. எதுக்கு இன்னொரு ஞாயிறு வேஸ்ட் பண்ணணும்? அடுத்த வாரம் நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

அவர் ஃபிளாஸ்க்கை மேஜையில் வைத்தார். திரையில் விழிஞ்ஞத்தின் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று பதினெட்டு சதவீதம், ஒன்று இருபத்திரண்டு. நிறுத்தி என்ன பயன்? துடைப்பதுதான் முதல் அடி. அவர்தான் எழுதினார். ஒன்று முடிந்தபின் இரண்டுக்குப் போ என்று எழுதியதும் அவர்தான். திரும்பிப் போக அவர் வழி வைக்கவில்லை.

"என்ன சேட்டா, சாயா சூடா இருக்கா?" என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றார். இரண்டு டம்ளரில் ஊற்றினார். பொய்யாக டிக் அடித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்து, அந்த இரண்டு வரிகளும் நூறு ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடத்தில் விழிஞ்ஞத்துக்காக அவர் பார்த்த கோடுகளிலேயே வேகமாக ஓடிய கோடு அதுதான்.

திங்கட்கிழமை காலையில் கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறினார். என்ன சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தார். மின்சாரம் போய்விட்டது என்று சொல்லலாம். சர்வரில் பிழை என்று சொல்லலாம். அவர் சொன்னால் நம்பத்தான் செய்வாள், அதுதான் கஷ்டம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இன்றைக்கு வந்து நின்றால் அவள் என்ன செய்வாள்? தவறான மாத்திரையைக் கொடுத்துவிட்டால்? இந்த ஒரு கடைக்காவது நாம் வேண்டியவர் என்று இருந்தோமே, இனி அவள் முகம் கொடுத்துப் பேசுவாளா? முக்கோலை தாண்டியபோது வேர்த்து ஊற்றியது. உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

கடையில் கூட்டம். பகவதியம்மாள் அவரைப் பார்த்ததும் தலையை ஆட்டி உள்ளே வரச் சொன்னாள். "வாங்க சாரே. கம்ப்யூட்டரு ஞாயித்துக்கெழம தன்னால மாறிட்டுல்லா. காலம்பற வந்து பாக்கேன், புதுப்பெண்ணு மாதிரி இருக்கு. நல்ல வேகம்."

"பகவதியம்மா, ஒரு காரியம் சொல்லணும்."

"இருங்க, இந்த ஆளுகள அனுப்பிருதேன்."

அவர் கவுண்டருக்கு உள்ளே போய் உட்கார்ந்தார். வயசாளி ஒருவர் வந்து, ஆ வெள்ள தா மோளே என்றார். பகவதியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டாவது தட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கத்தரித்துக் கொடுத்தாள். முக்காடு போட்ட ஒரு பெண்மணி நீலம் என்றார். பகவதியம்மாள் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பழைய நீலப் பெட்டியை எடுத்து, புதுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இன்னொருத்தி ஒன்றுமே சொல்லவில்லை, முழங்காலைத் தொட்டுக் காட்டினாள், அதற்கும் மருந்து வந்தது. குற்றாலலிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்தில் முப்பது பேருக்கு மேல் வந்து போனார்கள். பில் போட மட்டும்தான் அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். எதையும் தேடவில்லை, எதையும் காணோம் என்று முகம் சுளிக்கவில்லை.

கூட்டம் குறைந்ததும் அவர் சொல்லிவிட்டார். "நம்ம லிஸ்ட்டு போச்சு. டி-ய முழுசாத் தொடச்சாச்சு. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லணும், நான் சொல்லல. சொன்னதாப் பொய்யா டிக் போட்டேன். என் தப்புதான்."

பகவதியம்மாள் கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்தாள். "எந்த லிஸ்ட்டு?" என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, அதா," என்றாள். "அதுக்கா இப்பிடி வேர்க்கிய? போனாப் போட்டும் சாரே."

"இத்தன வருஷம் எழுதினது. உங்களுக்கு அது வேணும்லா."

அவள் பொய் சொல்லத் தெரியாதவள், சொல்ல முயற்சியும் செய்யவில்லை. "நான் அத ஒருநாளும் தொறந்து பாத்ததில்ல," என்றாள். "இவங்களையெல்லாம் எனக்குத் தெரியாதா? தெனமும் வாற ஆளுக."

"பின்ன எதுக்கு எழுதச் சொன்னிய?"

"நீங்க முதல்ல வந்தப்பம் மூணு மணிக்கூறும் அந்தக் கோட்டையே பாத்துட்டு இருப்பிய. கேட்டா ஒரு வார்த்த, கேக்கலேன்னா அதுவும் இல்ல. மனசுக்கு என்னவோ மாதிரி இருக்கும். கையில ஒரு வேல குடுத்தா பேசுதியன்னு கண்டுபிடிச்சேன். அதான் சொல்லிட்டிருந்தேன்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். "நல்லா ஓடுன கம்ப்யூட்டர நீங்க ரண்டு மூணு தடவ கழுவிட்டுப் போனதும் எனக்குத் தெரியும் கேட்டியளா. சரி, வந்துட்டுப் போறாருன்னு விட்டேன்."

குற்றாலலிங்கத்துக்குக் காது சூடாகிவிட்டது. யாரோ தன் சட்டையைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் கேலி செய்யவில்லை, இரக்கப்பட்டும் பேசவில்லை. மருந்துக்கு வருகிறவர்கள் கேட்காமலே புரிந்துகொள்கிறவள், அவரையும் முதல் நாளே புரிந்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். தான் அவளுக்கு உதவி செய்வதாக இத்தனை வருடம் நினைத்தார். உதவி வாங்கிக்கொண்டிருந்தது தான்தான் என்று தெரிந்தபோது, அவருக்கு நன்றி வரவில்லை. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

"இனி எப்ப வருவிய?" என்று அவள் கேட்டாள்.

"இனி வர வேண்டிய தேவை இல்ல. என்ன ஆனாலும் அங்கருந்தே சரி பண்ணிரலாம். அப்பிடித்தான் செஞ்சிருக்கேன்."

"அது சரி," என்றாள் பகவதியம்மாள். வேறு யாரோ மருந்துக்கு வந்துவிட்டார்கள்.

ஜெஸ்லினிடமும் உண்மையைச் சொன்னார். அவள், ஒரு ஃபைலல்லே சேட்டா, சாரமில்ல, பரவால்ல என்றாள். அந்த மாதக் கூட்டத்தில் மூன்று ஞாயிறு வேலையை இரண்டில் முடித்தவர் என்று அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். திட்ட ஒரு ஆள் இருந்திருந்தால்கூட அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். அவருக்கு ஒரு தனி அறையும் பெரிய திரையும் கொடுத்தார்கள். நூற்று அறுபத்து மூன்று பச்சைப் புள்ளிகள். யாராவது கம்ப்யூட்டரைப் போட்டால் புள்ளி எரியும், அணைத்தால் மங்கும். ஏதாவது பழுது என்றால் அவர் ஒரு பொத்தானை அழுத்துவார், அது தன்னால் சரியாகும். கடையில் இருப்பவர்களுக்குப் பழுது வந்ததும் தெரியாது, அவர் சரி செய்ததும் தெரியாது. ஒரு வாரம் முழுக்க ஃபோன் மணி அடிக்கவில்லை. ஃபோன் பழுதோ என்று தன் செல்லிலிருந்து அடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

விழிஞ்ஞத்தில் பகவதியம்மாளின் புள்ளி காலை எட்டு நாற்பதுக்கு எரியும். பஸ்ஸை விட்டுவிட்டால் ஒன்பது மணி. அவள் வந்துவிட்டாள் என்று அவருக்குத் தெரியும். ராத்திரி ஆரியசாலை அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கையில், நாளைக்கு எட்டு நாற்பதா ஒன்பதா என்று யோசிப்பார். ஒரு மனுஷியை ஒரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று ஒருநாள் தோன்றியது. தோன்றிய பிறகு அந்தத் திரையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சொந்த வேலை என்று எழுதினார். பை எடுத்துக்கொள்ளவில்லை. தோளில் ஒன்றும் இல்லாமல் பஸ்ஸில் ஏறியது ஒரு மாதிரியாக இருந்தது. விழிஞ்ஞத்தில் இறங்கினால் மருந்துக் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். நேராக உள்ளே போகக் கால் எடுத்தவர் நின்றுவிட்டார். கவுண்டருக்கு உள்ளே போக இன்றைக்கு அவருக்கு என்ன இருக்கிறது? மருந்துக்கு நிற்கிறவர்களோடு வரிசையில் போய் நின்றார். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை யோசித்தார். அதற்குள் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

அவர் முறை வந்தது. பகவதியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "சாரா? கம்ப்யூட்டருக்கு என்னமும் கேடா?"

"கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் இல்ல."

"ஒடம்புக்கு?"

"ஒடம்புக்கும் ஒண்ணும் இல்ல." கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சும்மா வந்தேன் பகவதியம்மா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னால் நின்ற கிழவி, கடலோரத்துக் குரலில், "சும்மா வந்ததாணெங்கி கொஞ்சம் மாறி நில்லு மோனே, எனக்கு மருந்து வாங்கணும்," என்றாள். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"போயிராதிய சாரே," என்றாள் பகவதியம்மாள், கிழவிக்கு அட்டையைக் கத்தரித்துக்கொண்டே. "ஆளு குறையட்டும்."

குற்றாலலிங்கம் ஒதுங்கி, தூணோரமாக நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவர் போகவில்லை.